ரேகை விழாத விரல்கள்

அன்புள்ள ஐயா,

சாயப்பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த என் தந்தைக்கு ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழுவதில்லை. மூன்று நடை நடந்த பிறகே அரிசி கிடைக்கிறது. இனி எல்லாவற்றையும் இயந்திரமே தீர்மானிக்கும் என்கிறார்கள். ஏழைகளுக்கு வரப்போவது இருண்ட காலம்தானா?

வாசகர், சோமனூர்

அன்புள்ள நண்பருக்கு,

வரப்போகிறது என்று நீங்கள் அஞ்சுவது உங்கள் தந்தைக்கு மாதந்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். பணித்தளத்தில் இருப்பவர்களை நாளுக்கு இருமுறை கைப்பேசியில் படமெடுத்து ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தாளவாடி மலையில் சிக்னல் எட்டாத பள்ளத்தில் மண் வெட்டுகிறவர், வெட்டிய குழி கண்ணெதிரே கிடக்க, வேலைக்கு வராதவராகிவிடக்கூடும். (ஏட்டில் எழுதிய காலத்தில் வராதவர்கள் வந்தவர்களானதும் உண்டு.)

பழைய மனிதர்களை நான் மெச்சவில்லை. நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் தனிக்குவளை வைத்தது எந்த இயந்திரமும் அல்ல. கூலி வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியதும் இடையில் கைவைப்பது கடினமாயிற்று. ஆயினும் அநீதி செய்த மனிதரின் வாசலில் போய் நிற்க முடிந்தது, மறியல் செய்ய முடிந்தது. இன்றோ, "மிஷின் ஏத்துக்கலைங்க, நான் என்ன பண்றது?" என்று கடைக்காரர் கைவிரிக்கும்போது, அவரும் பொய் சொல்லவில்லை, உங்கள் தந்தை யாரிடம் வழக்காடுவார்?

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோர்மீது வரித்துறை மோசடிப் பழி சுமத்திப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. ஐயத்துக்குரியவர்களைப் பொறுக்கிய கணினி நிரல், டச்சுக் குடியுரிமை இல்லாததையும் ஐயத்துக்கு ஒரு காரணமாகக் கணக்கில் கொண்டது. அந்த வெறுப்பு கணினிக்குத் தானாக வந்ததன்று; யாரோ அதை அளவுகோலாக எழுதினார்கள், யாரோ ஒப்பினார்கள். 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. அதற்குள் பல குடும்பங்கள் கடனில் மூழ்கியிருந்தன.

ஆகவே இயந்திரத்தின் அறிவு வளர்வதைவிட, அதன் பின்னால் பொறுப்பேற்கும் ஆள் மறைவதையே நான் அஞ்சுகிறேன். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டந்தோறும் ஒரு குறைதீர் அலுவலர் வேண்டும் என்கிறது. அடுத்த முறை ரேகை விழாதபோது, நாளும் நேரமும் குறித்து அதை எழுத்தில் தரும்படி கடையில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே எழுதி, வரிசையில் நிற்கும் இருவரின் கையொப்பத்துடன், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். தந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த விரல்களை அங்கே ஒருவராவது பார்க்கட்டும்.