அண்ணாச்சியிடம் வாக்காளர் பட்டியலோடு போங்கள்

தம்பி, அம்பாசமுத்திரம் பக்கம் உங்கள் கட்சிக் கிளைக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கியதற்கு மூத்தவர்கள் கூட்டத்திலேயே சத்தம் போட்டார்கள், விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கிளைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கியதுதான் உறுத்தியிருக்கும். (நானும் சேரன்மகாதேவியில் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.)

சாயங்காலம் டீக்கடையில் அந்தச் செயலாளர் அண்ணாச்சியைத் தனியாகப் பிடியுங்கள். கையில் உங்கள் பூத்தின் வாக்காளர் பட்டியல் இருக்கட்டும். எந்த வீட்டில் யார் தவறிவிட்டார், யார் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார், எந்த வீட்டுக்கு மருமகள் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பெயருக்குப் படிவம் 6, நீக்கத்துக்கு 7, முகவரி மாற்றத்துக்கு 8. அதை ஆன்லைனில் போட ஆட்களுக்கு உதவுவது உங்கள் பாடு. ஜனவரி 1 மட்டுமல்லாமல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ஆம் தேதிகளிலும் 18 வயது நிறைவைக் கணக்கில் எடுப்பதால் இந்த வேலை வருஷம் முழுக்க உண்டு.

அப்புறம், பூத் ஏஜென்டாக உட்கார்ந்தால் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது மாதிரி விஷயங்களை அந்த மூத்தவர்களிடம்தான் கற்க முடியும். பேச்சில் சாதியை இழுத்தால் மட்டும் பொறுத்துப்போகாதீர்கள். ஒன்றியச் செயலாளரிடம் எழுத்தாகவே கொடுங்கள்.