இரண்டு பேனல், ஒரே வெளிச்சம்: விஆர் ஹெட்செட் கேள்வி பதில்

கேள்வி: என் ஹெட்செட்டில் வலப்பக்கம் சற்று மங்கலாகத் தெரிகிறது. பேனல் பழுதா?

பல விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்களில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பேனல், அதாவது ஒரு சிறு திரை, இருக்கும். அதன்மீது பழி போடும் முன் லென்ஸைத் துடையுங்கள். லென்ஸ்களின் இடைவெளி உங்கள் இரு கண்மணிகளின் இடைவெளிக்குப் பொருந்துகிறதா என்றும் சரிபாருங்கள். கண் லென்ஸின் மையத்தை விட்டு விலகினாலே அந்தப் பக்கம் இருண்டுவிடும். பிறகும் வித்தியாசம் இருந்தால், சுற்றிலும் சாம்பல் நிறம் மட்டுமே உள்ள காட்சியை ஓடவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணில் மங்கல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஹெட்செட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கையில் பிடித்தபடி பாருங்கள். அணிந்திருப்பதை உணரும் சென்சார் மீது ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்துவிடும். இப்போது இடப் பேனல் உங்கள் வலக்கண்ணுக்கு வந்திருக்கும். மங்கல் மறு கண்ணுக்குத் தாவினால் குறை கருவியில் இருக்கிறது. அதே கண்ணில் நின்றால், கண் மருத்துவரைப் பாருங்கள். தொடக்க நிலைக் கண்புரைகூட ஒரு கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கும்.

கேள்வி: ஒரே மாடல் பேனல்கள்தானே, ஏன் வேறுபடுகின்றன?

ஓஎல்இடி வகைப் பேனலில் ஒவ்வொரு பிக்சலும் (படப்புள்ளியும்) தானே ஒளிர்கிறது. அதை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் பேனலுக்குப் பேனல் சற்று மாறும். எல்சிடி வகையில், திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் எல்இடி விளக்குகள் மாறும். விஆரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. தலையைத் திருப்பும்போது படம் இழுபடாமல் இருக்க, பேனல் ஒவ்வொரு பிரேமிலும் (அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) மிகக் குறைந்த நேரமே எரிகிறது. 90 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 90 பிரேம் வரும்போது, ஒரு பிரேம் 11.1 மில்லிவினாடி. அதில் 2 மில்லிவினாடி மட்டும் எரிவதாக வைத்துக்கொள்வோம்: ஒரு பேனல் 0.1 மில்லிவினாடி கூடுதலாக எரிந்தாலே வெளிச்சம் 5 சதவீதம் ஏறிவிடும்.

கேள்வி: அப்படியானால் ஒற்றைப் பேனல் ஹெட்செட் வாங்கிவிடலாமா?

குவெஸ்ட் 2, ரிஃப்ட் எஸ் இரண்டிலும் ஒரே எல்சிடிதான். இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் லென்ஸ்களை நகர்த்தும் சுதந்திரம் குறையும். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள். கண் இடைவெளி பொருந்தாதவருக்கு அது பெரிய இழப்பு. நான் இரட்டைப் பேனலையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: மூளைதான் இரு படங்களையும் கலந்துவிடுமே, கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் என்ன?

கொஞ்சம் என்றால் கலந்துவிடும், கவலை வேண்டாம். வித்தியாசம் கூடினால் ஆழமே தவறாகத் தெரியத் தொடங்கும். மங்கலான கண்ணிலிருந்து வரும் செய்தி மூளையை அடையச் சற்றுத் தாமதமாகிறது. பக்கவாட்டில் நகரும் ஒரு பொருளை அந்தக் கண் ஒரு கணம் பின்தங்கிய இடத்தில் காண்கிறது. அந்த இட வித்தியாசத்தை மூளை தூரமாக எடுத்துக்கொள்கிறது. ஒரே தளத்தில் ஆடும் ஊசல், நீள்வட்டத்தில் சுற்றுவதுபோல் தோன்றும். 1922-இல் இதை விளக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிச். ஒரு கண்ணில் பார்வை இழந்திருந்ததால், தான் விளக்கிய காட்சியை அவரால் காண முடியவில்லை. பந்து விளையாட்டுகளில் தூரக் கணிப்பு தவறுவதாக யாராவது சொன்னால், வெளிச்சத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒளி அளவுமானி இல்லை. போன் கேமராவால் அளக்கலாமா?

இரு பேனல்களை ஒப்பிட மட்டும் என்றால் தாராளமாக. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டுங்கள். போன் திருத்தம் செய்யாத ரா கோப்பாக எடுங்கள். சாதாரண ஜேபெக்கில் போன் தன் விருப்பப்படி ஒளியை மாற்றியிருக்கும். பலர் கோட்டைவிடுவது ஷட்டரில்தான். பேனல் துடித்துத் துடித்து எரிவதால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் முழு எண்ணிக்கையில் பிரேம்கள் அடங்க வேண்டும். 90 ஹெர்ட்ஸுக்கு 1/30 வினாடி என்றால் சரியாக 3 பிரேம்கள். 72 ஹெர்ட்ஸுக்கு அதே 1/30 பொருந்தாது, 1/24 வையுங்கள். தவறினால் படத்தில் பட்டைகள் விழும், எண்களும் பொய்யாகும். கேமராவைக் கண் இருக்கும் இடத்திலேயே வைத்து, ஒவ்வொரு பக்கமும் பலமுறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

கேள்வி: நான் மென்பொருள் எழுதுகிறேன். இடப்பக்கம் 5 சதவீதம் வெளிச்சம் அதிகம். பிக்சல் மதிப்பை 0.95-ஆல் பெருக்கினேன், இப்போது இடப்பக்கம் மங்கலாகிவிட்டதே?

காமா வளைவை மறந்துவிட்டீர்கள். பிக்சல் மதிப்பும் வெளிச்சமும் நேர்விகிதத்தில் இல்லை. மதிப்பின் எத்தனையாவது அடுக்கு வெளிச்சம் என்பதைச் சொல்லும் எண்தான் காமா. அது 2.2 என்றால், மதிப்பை 0.95 ஆக்கும்போது வெளிச்சம் சுமார் 0.89 ஆகிறது. உங்களுக்கு வேண்டிய பெருக்கு எண் ஏறக்குறைய 0.978. இன்னும் நல்லது, நேர்விகித ஒளி மதிப்பில் கணக்கிட்டு, கடைசியில் காமா போடுவது. மங்கலான பக்கத்தை ஏற்ற முயலாதீர்கள். பிக்சல் மதிப்பின் உச்சமான 255-க்கு மேல் இடமில்லை, வெள்ளைப் பகுதிகள் விவரம் இழந்து வெறும் வெள்ளையாகிவிடும். எப்போதும் பிரகாசமான பக்கத்தையே இறக்குங்கள்.

கேள்வி: வெள்ளையில் இரண்டும் பொருந்துகின்றன. இருட்டுக் காட்சியில் மட்டும் ஒரு கண் வெளுத்துத் தெரிகிறது.

ஓஎல்இடியாகத்தான் இருக்கும். கருமையை ஒட்டிய மதிப்புகளில் பிக்சல்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தில் இயங்குகின்றன. சின்ன வேறுபாடும் அங்கே பெரிதாகிவிடும். ஒரே பெருக்கு எண்ணால் இது தீராது. 5, 10, 20, 40, 80, 160, 255 எனப் பல பிக்சல் மதிப்புகளில், படிப்படியாக அளந்து, ஒவ்வொரு பேனலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் திருத்த அட்டவணை வேண்டும். கீழ்ப் படிகளை நெருக்கமாக வையுங்கள்.

கேள்வி: ஒருமுறை சரிசெய்தால் போதுமா?

போதாது. ஓஎல்இடியில் நீலம் மற்ற நிறங்களைவிட வேகமாகத் தேய்கிறது. எல்இடி சூடாகும்போது ஒளி குறைகிறது. அதனால் ஹெட்செட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடு நிலைத்தபின் அளவிடுங்கள். அந்த அளவுகளைத் தேதியோடு சேமித்து வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் ஒரு பக்கம் தொடர்ந்து சரிந்தால், மாற்றித்தரக் கேட்க அதுவே ஆதாரம்.