படுகளமும் சிவப்புச் சட்டையும்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் இங்கிலாந்தில் இருந்தபோது, அந்நாட்டின் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை உடையும் படைக்கலமுமாக மறுபடி நடத்திக்காட்டும் ‘சீல்டு நாட்’ குழுவினரைப் பார்த்தேன். தீரன் சின்னமலையின் 1804 அரச்சலூர்ப் போரை அதே முறையில் நிகழ்த்த நண்பர்கள் சிலர் எண்ணியிருக்கிறோம். செத்தவர்களை வைத்து வேஷம் கட்டுவது என்ன பொழுதுபோக்கு என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். தங்கள் கருத்து என்ன?

ச., பெருந்துறை

அன்புள்ள ச.,

பெரியவர்கள் கேட்பது நியாயம்தான்; ஆனால் களத்தில் விழுந்து காட்டுவது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் களத்தில் மாண்டதை நிகழ்த்திக்காட்டும் அண்ணன்மார் சாமி படுகளத்தில், உடுக்கடிப் பாட்டு ஒலிக்க, அருள் வந்து சாய்ந்தவர்கள் வெள்ளைத் துணிக்கடியில் கிடப்பதையும் தீர்த்தம் தெளித்து எழுப்பப்படுவதையும் அவர்களே பார்த்திருப்பார்கள். அங்கே விழச்செய்வது அருள். நீங்கள் பார்த்த களத்திலோ குண்டில்லாமல் வெறும் மருந்து வெடிப்பதால், யார் செத்தார் என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். முதல் வெடியிலேயே சாய்ந்து கடைசிவரை புல்லில் கிடக்க எளிதில் மனம் வருவதில்லை. படுகளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் குறைவாகவே இருக்கும்.

உங்களுக்குச் சிக்கல் வேறிடத்தில் வரும். பீட்டர் யங் 1968இல் தொடங்கிய அக்குழுவில் மன்னர் பக்கம் நிற்கவும் ஆள் உண்டு, பாராளுமன்றத்தின் பக்கம் நிற்கவும் ஆள் உண்டு. நம் ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் பத்துப் பேரும் சின்னமலைதான்; அவரை எதிர்த்த கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், சிவப்புச் சட்டையை யார் மாட்டுவது? சென்னை மாகாணப் படையில் அதை அணிந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் தக்கனி உருதுவும் பேசிய சிப்பாய்களே. சினிமாவைப் பார்த்து அவர்களுக்குத் தொப்பி வாங்கிவிடாதீர்கள், தலைப்பாகை கட்டுங்கள். அதை மாற்றிப் புதுத் தலையணியைத் திணித்ததும், காதணியையும் நெற்றிக்குறியையும் தடுத்ததும் பின்னர் வந்த ஆணைகள். அவை மூட்டிய சினத்தில், 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டு ஓராண்டு நிறையும் முன்பே, அதே மாகாணப் படையின் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தார்கள். இதை அறிந்த ஒருவன் அந்தச் சட்டையை வில்லன் வேடமாக அணிய மாட்டான்.

ஆகவே சிப்பாய் வரிசையிலிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள். துப்பாக்கிக்கும் மருந்துக்கும் உரிமம் வேண்டும் என்பதால், ஆசாரியிடம் சொல்லி நாலரைக் கிலோ எடையில் மரத்தால் செய்துகொள்ளுங்கள். தோட்டாத் தாளைப் பல்லால் கடித்து, குழலருகே உள்ள சிறு கிண்ணியில் சிட்டிகை மருந்திட்டு, மீதியைக் குழலில் கொட்டித் தடியால் இடித்து, தோளில் ஏற்றிச் சுடும் இவ்வளவையும் தேர்ந்த சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை செய்வான். வெறுங்குழலை வைத்து அதைப் பழகும்போதே கை ஓய்ந்துவிடும்.

ஆடிப் பதினெட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சின்னமலையை நினைவுகூரும் அந்நாளில், அவர் கோட்டை இருந்த ஓடாநிலைக்கு மாலையோடு வரும் கூட்டத்தில் உங்களால் வரிசை கட்ட முடியாது. தை அறுவடை முடிந்த மேட்டாங்காடு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சிவப்புச் சட்டைக்கு ஆள் குறைந்தால் எழுதுங்கள், வருகிறேன்.