கறுத்த முனையில் ஈயம் ஒட்டவில்லையா?

வாசகர் கேள்வி பதில்: சால்டரிங் அயர்ன்

மின்னணுப் பாகங்களை ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒரே பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். இங்கே ஈயம் என்று சொல்வது சால்டரை, அதாவது வெள்ளீயமும் ஈயமும் கலந்த கலவையை. கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான்: முனை ஈயம் இல்லாமல் வெறுமனே சூட்டில் கிடந்திருக்கிறது.

கேள்வி: அயர்ன் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. முனை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. ஈயத்தை வைத்தால் உருண்டையாகிக் கீழே விழுகிறது. புது முனை வாங்கத்தான் வேண்டுமா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தக் கறுப்பு, இரும்பும் வெள்ளீயமும் காற்றோடு சேர்ந்து உண்டான ஆக்சைடு. அதோடு எரிந்துபோன ஃபிளக்ஸும் (ஆக்சைடை நீக்கி ஈயம் ஒட்ட உதவும் பொருள்) கலந்திருக்கும். உருகிய ஈயம் சுத்தமான உலோகத்தில் பரவும், ஆக்சைடில் பரவாது. அதனால்தான் உருண்டு விழுகிறது. அந்த அடுக்கு சூட்டையும் தடுப்பதால் பலர் உடனே டயலைக் கூட்டிவிடுகிறார்கள். சூடு ஏற ஏறக் கறுப்பும் தடிக்கும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. டயல் உள்ள அயர்ன் என்றால் 250 டிகிரி செல்சியசுக்கு இறக்குங்கள். டயல் இல்லாத 40 வாட் அயர்ன் சும்மா கிடந்தாலே 400 டிகிரியைத் தாண்டக்கூடும். அதை நன்றாகச் சூடாக்கி, சுவிட்சை அணைத்துவிட்டு, ஆறிக்கொண்டே வரும்போது வேலை செய்யுங்கள். உள்ளே ரோசின் (பைன் மரப் பிசின்) ஃபிளக்ஸ் உள்ள 60/40 ஈயக் கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் தடிமன், போதும். இது 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190க்குள் முழுவதும் உருகிவிடும். 250 டிகிரி தாராளம்.

முனையைப் பித்தளை நாரில் நான்கைந்து முறை குத்தி எடுங்கள். உடனே கம்பியை வைத்துத் தாராளமாக ஈயத்தை உருக்குங்கள். சில விநாடி பொறுத்துத் துடையுங்கள். மறுபடி ஈயம், மறுபடி துடைப்பு. முதல் சில தடவை எதுவும் மாறாதது போல் இருக்கும். பிறகு ஓரத்தில் வெள்ளிப் பொட்டு ஒன்று தெரியும். ஃபிளக்ஸ் ஆக்சைடின் அடியில் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பொட்டிலிருந்து ஈயத்தை வெளிப்பக்கமாகப் பரப்பிக்கொண்டே போங்கள். தனியாக ரோசின் பேஸ்ட் இருந்தால் துடைத்ததும் முனையை அதில் தொட்டு எடுக்கலாம்; வேலை சீக்கிரம் முடியும்.

இதற்கும் மசியாவிட்டால் ‘டிப் டின்னர்’ என்று சிறு டப்பாவில் ஒன்று விற்கிறார்கள். ஈயத் தூளும் ஆக்சைடைக் கரைக்கும் வேதிப்பொருளும் கலந்தது. சூடான முனையை அதில் ஓரிரு விநாடி சுழற்றி எடுத்து, துடைத்து, உடனே சாதாரண ஈயம் பூசவேண்டும். டின்னரை முனையில் அப்படியே விட்டுவிடாதீர்கள்; அது முனையை அரிக்கும். புகையும் கடுமை. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். தினமும் பயன்படுத்த வேண்டிய பொருளல்ல.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் முனையைப் பளபளவென்று துடைத்துவிட்டு அணைக்கிறீர்களா? கறுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஈயம் பூசினாற் போலவும் இருக்க வேண்டும், பூசாதது போலவும் இருக்க வேண்டும் என்ற பேச்சு இங்கே எடுபடாது. பூசினது அப்பட்டமாகத் தெரியவேண்டும். ஒரு கொழுத்த சொட்டு ஈயத்தை முனை முழுதும் மூடும்படி வைத்து, அப்புறம் அணையுங்கள். ஆறும்போது ஆக்சைடு அந்த ஈயத்தின் மேல்தான் படியும். மறுமுறை சூடானதும் துடைத்தால் அது அதோடு போய்விடும்.

கேள்வி: அந்தக் காலத்தில் எங்கள் அப்பா முனையை அரத்தால் ராவித்தான் சுத்தம் செய்வார். நான் அப்படிச் செய்ததும் முனையில் குழி விழுந்துவிட்டது. ஏன்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் அப்பா செய்தது சரி. அவர் கையில் இருந்தது முழுச் செம்பு முனை. அதை ராவி, வடிவம் கொடுத்து, ஈயம் பூசினால் மறுபடி புதிதாகிவிடும். இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அப்படியல்ல. உள்ளே செம்பு, அதன்மேல் மெல்லிய இரும்புப் பூச்சு, ஈயம் ஒட்டக்கூடாத மேல்பகுதியில் குரோமியம். உருகிய வெள்ளீயம் செம்பை வேகமாகக் கரைக்கும். இரும்பை மிக மெதுவாகத்தான் கரைக்கும். செம்புக்குக் காவலாகத்தான் இரும்பைப் பூசியிருக்கிறார்கள். அரம் அந்தக் காவலைக் கிழித்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு முறை ஈயம் வைக்கும்போதும் உள்ளே இருக்கும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈயத்தோடு வெளியேறும். நீங்கள் பார்த்த குழி அதுதான். சிவந்த செம்பு தெரிகிற முனையைக் காப்பாற்ற வழியில்லை, மாற்றிவிடுங்கள். உப்புத்தாள், கத்தி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஆகியவற்றையும் அரத்தோடு ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். பள்ளித் திட்டத்துக்காக அயர்ன் வாங்கினோம். ஈரப் பஞ்சு நல்லதா, பித்தளை நாரா? சமையலறைப் பஞ்சில் துடைத்தான், ஏதோ உருகி ஒட்டிக்கொண்டது. (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: உருகியது பஞ்சேதான் அம்மா. சமையலறைப் பஞ்சு பெரும்பாலும் பிளாஸ்டிக் வகை. சால்டரிங்குக்கென்று விற்பது மரக்கூழிலிருந்து செய்த செல்லுலோஸ் பஞ்சு. காய்ந்தால் அட்டை போல் இருக்கும், தண்ணீர் பட்டால் உப்பும். அதை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டு வைக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் முனை சட்டென்று குளிரும். திரும்பத் திரும்ப அப்படிக் குளிர்ந்தால் இரும்புப் பூச்சில் வெடிப்பு விழும். காய்ந்த பஞ்சில் துடைத்தால் அது கருகி முனையில் ஒட்டும். பினாங்கு ஈரத்தில் பஞ்சைத் தட்டிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். கழுவிக் காயவைத்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

எங்களைக் கேட்டால் பையனுக்குப் பித்தளை நாரே மேல். முனை குளிராது, தண்ணீர் அளவு பார்க்க வேண்டியதில்லை, துடைத்த பிறகும் மெல்லிய ஈயப் படலம் மிஞ்சும். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டினால் அது பித்தளை நிறம் பூசிய இரும்பு, வேண்டாம். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். புகை முகத்துக்கு நேரே வராதபடி ஒரு சின்ன விசிறி பக்கவாட்டில் ஓடட்டும்.

கேள்வி: டயலில் சூட்டை வைக்கும் 936 வகை மலிவு சால்டரிங் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். 450 டிகிரி வைத்தால்தான் ஈயம் உருகுகிறது. முனைகள் வரிசையாகச் சாகின்றன. (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: டயல் காட்டுவது முனையின் சூடு அல்ல. இந்த வகையில் செராமிக் ஹீட்டர் ஒரு குச்சி போல் இருக்கும். முனை அதன்மேல் உறை போல் மாட்டிக்கொள்ளும். சூட்டை அளக்கும் உணரி இருப்பது ஹீட்டருக்குள். மலிவு முனைகளின் துளை பெரிதாக இருந்தாலோ, ஹீட்டரின் நுனி முனையின் அடிவரை எட்டாவிட்டாலோ, நடுவில் காற்று நிற்கும். ஹீட்டர் 450ஐத் தொட்டிருக்கும், முனைக்கு அந்தச் சூடு வந்து சேர்ந்திருக்காது. அயர்ன் வேலையில்லாமல் சும்மா கிடக்கும்போது மட்டும் சூடு ஏறி ஏறி முனையைக் கருக்கிவிடும். நன்றாகப் பொருந்துகிற முனையை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 350க்கு இறங்கிவிடலாம்.

ஊசி முனையா வைத்திருக்கிறீர்கள்? அதுவும் காரணம்தான். ஊசி நுனி தொடும் பரப்பு குறைவு, சூடு இறங்காது. 2.4 மில்லிமீட்டர் உளி முனை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும், 320 டிகிரியிலேயே காரியம் முடியும்.

தொழிற்சாலையில் செய்த மின்சுற்றுப் பலகைகளைப் பழுது பார்க்கிறீர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு. மின்னணுப் பொருள்களில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஈயமில்லா சால்டர்தான் புழக்கம். அதில் வழக்கமான வகையில் வெள்ளீயம் 96.5 விழுக்காடு, உருகுநிலை 217 டிகிரியை ஒட்டி. வெள்ளீயமும் கூடுதல், சூடும் கூடுதல் என்பதால் இரும்புப் பூச்சு சீக்கிரம் தேயும். அந்த வேலைக்கு ஒரு முனை, பழைய 60/40 வேலைக்கு வேறு முனை என்று பிரித்து வையுங்கள்.

கேள்வி: குழாய் வேலைக்கு வைத்திருக்கும் பேஸ்டை முனைக்குப் போடலாமா? (வாசகர், பிறை)

பதில்: கூடாது. அதில் துத்தநாகக் குளோரைடு போன்ற அரிக்கும் பொருள் இருக்கும். முனையையும் தின்னும், பலகையில் மிஞ்சினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் செம்புத் தடங்களில் பச்சை படிய வைக்கும். மின்னணு வேலைக்கு ரோசின் மட்டும்.

கேள்வி: முனை அயர்னோடு இறுகிக் கழலவே மாட்டேன் என்கிறது. (வாசகர், பாலிக் பூலாவ்)

பதில்: முனைக்கும் ஹீட்டருக்கும் நடுவே ஆக்சைடு தூள் அடைத்துக்கொண்டிருக்கிறது. இடுக்கியால் பிடித்துத் திருகினால் செராமிக் ஹீட்டர் முறிந்துவிடும். முனையைவிட அதன் விலை அதிகம். பிளக்கைக் கழற்றி, முழுவதும் ஆறவிட்டு, நட்டையும் உறையையும் கழற்றுங்கள். முனையை நேராக, திருகாமல், லேசாகத் தட்டித் தட்டி இழுத்துப் பாருங்கள். வந்தால் உள்ளே இருக்கும் தூளைக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம், அவை கருகி இன்னும் இறுக்கும். வராவிட்டால் கைப்பிடியோடு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். இனி வாரம் ஒரு முறை, அயர்ன் ஆறியிருக்கும்போது, முனையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் போதும்.