சுற்றல் இல்லாத நாளிலும் மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு 47 வயது. இரண்டு வருஷமாக வலது காதில் இரைச்சல், அடைப்பு. திடீரென்று வீடே சுற்றும், இரண்டு மூன்று மணி நேரம் வாந்தியோடு படுத்துக் கிடப்பேன். மெனியர் நோய் என்று பீட்டாஹிஸ்டின் கொடுத்திருக்கிறார்கள். சுற்றலை நிறுத்தக் கொடுத்த புரோக்ளோர்பெராசினையும் பயத்தில் எட்டு மாதமாகத் தினமும் போடுகிறேன். இப்போது சாதாரண நாளிலும் நடை தள்ளாடுகிறது. மாமியார் பித்தம் என்கிறார். இது தீருமா?
- மதுரை வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த புரோக்ளோர்பெராசினைப் பற்றிப் பேசிவிடுவோம், உங்கள் தள்ளாட்டத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுற்றல் வரும்போதும், மிஞ்சிப்போனால் அடுத்த ஓரிரு நாளும் போட வேண்டிய மாத்திரை அது. ஒரு காது கெட்டால் மூளை மெல்ல மெல்லப் பழகி நடையைச் சரிசெய்துகொள்ளும். தினமும் இதைப் போட்டால் அந்தப் பழக்கமே தடைபடும். மாதக்கணக்கில் போனால் கை நடுக்கம், உடம்பு இறுக்கம் என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே வரலாம். எட்டு மாதமாகப் போடுகிறேன் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். நிறுத்திய பிறகு சமநிலைக்கான பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

இது பித்தம் இல்லை. உள்காதில் இருக்கும் நீர் அளவுக்கு மீறித் தேங்குவதுதான் இந்த நோய். அடியோடு தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை, ஆனால் சுற்றலைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம், வருஷங்கள் போகப் போகப் பலருக்குத் தானாகவும் குறைகிறது.

உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள், ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். காபியையும் குறைத்துப் பாருங்கள்.

பீட்டாஹிஸ்டினைப் பொறுத்தவரை, 2016இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் அதைப் போட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் சுற்றல் ஒரே அளவில்தான் குறைந்தது. பல டாக்டர்கள் இன்னும் எழுதுகிறார்கள், உங்களுக்குப் பலன் தருகிறது என்றால் தொடரலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி வருஷக்கணக்கில் கஷ்டப்பட வேண்டாம். அடுத்து செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது, கேட்கும் திறனை அது கெடுப்பது அரிது. ஜென்டாமைசின் ஊசி சுற்றலை நன்றாக அடக்கும், ஆனால் அந்தக் காதின் கேட்கும் திறனையே பாதிக்கலாம், அதனால் வலது காதில் இப்போது எவ்வளவு கேட்கிறது என்று ஆடியோகிராம் பார்க்காமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். எம்ஆர்ஐ ஒருமுறை எடுக்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள், செவி நரம்பில் வரும் கட்டியும் இதே மாதிரி ஏமாற்றும்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போவது, இதில் ஏதாவது சேர்ந்து வந்தால் மட்டும் மெனியர்தான் என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள், அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.