ஸ்டார், குடில், சவுக்கு மரம்: கையைக் கடிக்காத கிறிஸ்துமஸ் அலங்காரம்

வாசகர் கேள்வி – பதில்

கடையில் தொங்கும் பெரிய ஸ்டார்களின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. முன்பெல்லாம் மூங்கிலில் வீட்டிலேயே கட்டுவார்கள். அளவும் முறையும் சொல்லுங்கள்.
– வாசகர், பாளையங்கோட்டை

தாராளமாகக் கட்டலாம். 90 செ.மீ. நீளத்தில் பத்து மூங்கில் தப்பைகள் வேண்டும். அகலம் 1 செ.மீ., கனம் 3 மி.மீ. இருந்தால் சரி. கூடவே 15 செ.மீ. துண்டுகள் ஐந்து. ஐந்து தப்பைக்கு ஒன்றாக இரண்டு நட்சத்திரங்கள் கட்டி, இரண்டையும் சேர்த்து நடுவை உப்ப வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கட்டுமுன் பத்துத் தப்பைகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். சில எளிதில் வளையும், சில விறைத்து நிற்கும். விறைப்பானதைக் கத்தியால் சீவி மற்றவற்றோடு ஒத்து வளையும்படி செய்துகொள்ளுங்கள். கட்டி முடித்த ஸ்டார் கோணிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இதைக் கவனிக்காததால்தான்.

அடுத்து, ஒவ்வொரு தப்பையிலும் ஒரு முனையிலிருந்து 34.5 செ.மீ.யிலும் 55.5 செ.மீ.யிலும் பென்சிலால் குறியுங்கள். தப்பைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இவை. குறியோடு குறி பொருந்தினால் ஐந்து கைகளும் தானாகச் சமமாக அமையும். கண்ணளவில் கட்டினால் ஒரு கை குட்டையாகிவிடும், அதை இழுத்துச் சரிசெய்தால் அடுத்த கை கெடும். வேறு அளவில் கட்டுவதானால் தப்பையின் நீளத்தை 0.382 ஆலும் 0.618 ஆலும் பெருக்கி வரும் இடங்களில் குறியுங்கள். தப்பைகளை பாய் முடைவதுபோல் ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மாற்றிக் கோத்து, முனைகளைச் சணல் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம். அது தாளைக் கிழிக்கும், மின்கம்பியில் உரசினால் ஆபத்து.

இரண்டு நட்சத்திரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே தப்பைகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் 15 செ.மீ. துண்டுகளை முன்னுக்கும் பின்னுக்கும் இடையே நிறுத்திக் கட்டினால் நடு உப்பிக்கொள்ளும்.

ஒட்டுவதற்குக் காற்றாடி செய்யும் மெல்லிய தாளே நல்லது. 50 × 75 செ.மீ. அளவில் ஐந்து தாள் பிடிக்கும், கிழிசலுக்கு ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைத் தாள்மேல் வைத்துக் கோடிழுத்து, சுற்றிலும் 2 செ.மீ. விட்டு வெட்டி, அந்த விளிம்பைத் தப்பையின்மேல் மடித்து ஒட்ட வேண்டும். மேல் கையின் பக்கவாட்டில் ஒரு பகுதியை ஒட்டாமல் விடுங்கள். பல்பு உள்ளே போகவும் சூடு வெளியே வரவும் அதுதான் வழி.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு டம்ளர் கொதிநீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை நிறம் போய்ப் பளபளப்பானதும் இறக்கிவிடலாம். கரப்பான் அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம், எனவே சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

ஒட்டிய தாள் தொளதொளவென்று இருந்தால் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டாம். பசை நன்றாகக் காய்ந்த பிறகு, தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயால் ஓரடி தள்ளி நின்று லேசாகப் பனி படரும் அளவுக்குத் தெளியுங்கள். காயும்போது தாள் சுருங்கி விறைத்துக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் சாயம் இறங்கித் திட்டாகிவிடும், அதனால் முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதித்துப் பாருங்கள்.

உள்ளே 5 வாட் எல்.இ.டி. பல்பு போதும். தினம் ஆறு மணி நேரம், முப்பது நாள் எரித்தாலும் 0.9 யூனிட்தான் ஆகும். பழைய 60 வாட் குண்டு பல்பு போட்டால் அதே கணக்கில் 10.8 யூனிட். செலவைவிட அதன் சூடுதான் பெரிய கவலை. காற்றில் ஸ்டார் ஆடி, தாள் பல்பின்மேல் பட்டால் கருகிவிடும்.

எங்கள் வாசலில் ஸ்டார் ஒவ்வொரு மழைக்கும் நனைந்துவிடுகிறது. ஷாக் அடிக்குமோ என்ற பயமும் இருக்கிறது.
– வாசகி, சென்னை

பயம் நியாயமானதே. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தொடரும் என்பதால், போர்டிகோவிலோ சன்ஷேடுக்கு உள்ளடங்கியோ தொங்கவிடுவதே சரி. கெட்டியான பாலித்தீன் தாளை ஸ்டாரின் தலைக்குமேல் கூரையாகக் கட்டுங்கள். முழுவதும் சுற்றி மூடினால் உள்ளே ஈரம் கோத்துத் தாள் ஊறிவிடும். கீழ்முனை ஒன்றில் கயிறு கட்டி கிரில்லோடு இணைத்துவிட்டால் காற்றில் சுழலாது. சுழல விட்டால் கம்பி முறுக்கேறி, ஹோல்டருக்குள் அறுந்துவிடும்.

மின்கம்பியில் மூன்று விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். பிளக்கிலிருந்து ஹோல்டர் வரை ஒரே கம்பி. வெளியே எங்கும் ஜாயின்ட் கூடாது. ஹோல்டரின் வாய் தரையைப் பார்த்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கம்பி, ஜன்னலுக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறட்டும். கம்பி வழியே ஓடிவரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக் பாயின்ட் வரை வராது.

வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை இப்போதே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகே ஸ்டாரை ஏற்றுங்கள்.

சவுக்குக் கிளையைத்தான் கிறிஸ்துமஸ் மரமாக வைக்கிறோம். பண்டிகைக்கு முன்பே காய்ந்து கொட்டிவிடுகிறதே?
– வாசகர், கடலூர்

சீக்கிரம் வாங்குவதும் ஈரமில்லாமல் நிறுத்துவதும்தான் காரணம். டிசம்பர் 22 அல்லது 23 அன்று வாங்குங்கள். அடித்தண்டைப் புதிதாக இரண்டு விரற்கடை சாய்வாக வெட்டிவிட்டு, உடனே தண்ணீரில் வையுங்கள். வெட்டுவாய் காய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்டு தண்ணீர் இழுக்காது. பத்து லிட்டர் வாளியில் நான்கு பக்கமும் உடைந்த செங்கல்லை முட்டுக் கொடுத்து, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, மணல் தளதளக்கும்வரை தண்ணீர் விடுங்கள். தினமும் அரை லிட்டர் சேர்த்தால் போதும். ஃபேனுக்கு நேர்கீழே வைக்காதீர்கள்.

காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றும். இதில் 230 வோல்ட் சீரியல் செட் சுற்றுவதைவிட, செல்போன் சார்ஜரில் மாட்டும் 5 வோல்ட் மெல்லிய கம்பி விளக்கைச் சுற்றுவது நல்லது. ஜனவரி முதல் தேதிக்குமேல் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டாம்.

போன வருடத்து சீரியல் செட்டில் பாதி எரியவில்லை. செத்த பல்புகளை வெட்டிவிட்டு இணைக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

கூடாது. சீரியலில் மொத்த வோல்டும் எல்லா பல்புகளுக்கும் பங்காகிறது. மூன்றைக் குறைத்தால் அந்தப் பங்கு மிச்சமுள்ளவற்றின் தலையில் விழும். அவை அதிகம் சூடாகி ஒவ்வொன்றாகப் போகும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: விளக்கு அணைந்திருந்தாலும் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை கம்பியில் மின்சாரம் இருக்கும். மொத்த அலங்காரத்தில் காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மற்றதையெல்லாம் கையால் செய்துகொள்ளலாம், கம்பியையும் பல்பையும் மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள்.

குடிலுக்குப் பச்சைப்புல் வேண்டும். பிளாஸ்டிக் புல் பிடிக்கவில்லை. பாறையையும் செலவில்லாமல் செய்ய வழியுண்டா?
– வாசகி, நாகர்கோவில்

கம்பு விதையுங்கள். நாகர்கோவிலில் முளைப்பாரி வளர்ப்பவர்களைக் கேட்டால் பாதி நுணுக்கத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். குடில் டிசம்பர் 24க்குத் தயாராக வேண்டுமென்றால் 15ஆம் தேதி விதைக்க வேண்டும். முந்தின நாள் காலை இரண்டு கைப்பிடி கம்பை ஊறவைத்து, மாலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டிவையுங்கள். அடியில் ஓட்டை போட்ட ஓரடிச் சதுரத் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணலும் தென்னை நார்க்கழிவும் சரிபாதி பரப்பி, மேலே நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண் போர்வை போட்டு, ஈரச்சாக்கால் மூடுங்கள். இரண்டாம் நாள் முளை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும்.

முளைப்பாரிக்கு நிழலில் வைத்து இளமஞ்சளாக வளர்ப்பார்கள், நமக்கு வேண்டியது பச்சை. மூடியே வைத்திருந்தால் பயிர் வெளிறி, நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றாமல் தெளியுங்கள். அடியில் தேங்கினால் வெள்ளைப் பூஞ்சை பிடித்து, தட்டு முழுவதும் நாறிப்போகும். மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) வரை குடிலை வைப்பவர்கள், 26ஆம் தேதி இரண்டாவது தட்டு விதைத்துவிடுங்கள். முதல் தட்டு அதற்குள் பழுத்திருக்கும்.

பாறைக்கு பிரவுன் தாள் போதும். தாளை விரித்து, மேலே சொன்ன மைதா பசையில் தண்ணீர் கூட்டி, கறுப்பும் காவியும் கலந்து ஒழுங்கில்லாமல் பூசிக் காயவிடுங்கள். காய்ந்தபின் நன்றாகக் கசக்கி, பாதி மட்டும் பிரித்து, பழைய செருப்புப் பெட்டிகளின்மேல் போர்த்துங்கள். கசக்கிய பிறகு வண்ணம் பூசினால் மடிப்புகள் ஊறித் தட்டையாகிவிடும், வரிசை முக்கியம். கடைசியாக, உலர்ந்த துணியைச் சுண்ணாம்பில் லேசாகத் தொட்டு மேடுகளில் மட்டும் தடவினால் கல்லின் சொரசொரப்பு வரும். உள்ளே வைக்கோல் இருப்பதால் குடிலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது.

வாடகை வீடு. ஆணி அடிக்க அனுமதியில்லை, செல்லோடேப் ராத்திரியோடு விழுந்துவிடுகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் எந்த டேப்பும் நிற்காது, அது பிடிப்பது சுவரையல்ல, சுண்ணாம்புப் பொடியை. டபுள் சைடு டேப் டிஸ்டெம்பரைப் பெயர்த்துக்கொண்டு வரும். சுவரையே விட்டுவிடுங்கள். திரைச்சீலைக் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு நைலான் நூல் இழுத்துக் கட்டி, அதில் தோரணம் தொங்கவிடுங்கள். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கமே தோரணத்துக்கு அருமையான தாள். 21 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, வளையமாகக் கோத்து ஒட்டினால் ஏறக்குறைய பதினாறு வளையம் ஒரு மீட்டர் வரும். ஒட்டிய வளையத்துக்கு ஒரு ஸ்டேப்ளர் பின்னும் அடியுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் பசை மட்டும் நம்பினால் நடுவில் பிரியும். மரக்கதவில் மட்டும் ஏதாவது ஒட்டியே ஆகவேண்டுமென்றால், பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஒரு வாரத்துக்குள் மெதுவாக மடித்து உரித்துவிடுங்கள்.