குதிரையைக் கொடுத்து ஜெயிக்கிறார்களே, அது என்ன ஆட்டம்?

நாகர்கோவில் பள்ளி செஸ் போட்டியில் கறுப்புக் காயில் ஆடிய உங்கள் மகளிடம் எதிராளி வேண்டுமென்றே குதிரையைக் கொடுத்து ஜெயித்தது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய நகர்த்தல்களைப் பார்த்தால், அது ஃப்ரைட் லிவர் அட்டாக், அதாவது குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும் தொடக்க ஆட்டம்.

இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6 (ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு; எழுத்தும் எண்ணும் காய் போகும் கட்டம்; காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய்). இதுவரை தப்பே இல்லை. ஆனால் அந்த எஃப்6 குதிரை சொந்த ராணியின் வழியை மறைக்கிறது. அதனால்தான் வெள்ளைக் குதிரை தைரியமாக ஜி5-க்கு வந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறது. மகள் டி5 ஆடியதும் சரிதான். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டியபோது குதிரையால் திருப்பி வெட்டினாள் பாருங்கள், அங்கேதான் சறுக்கல். வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பாய்ந்து ராணியையும் யானையையும் ஒன்றாகத் தாக்கும். ராஜா அதை வெட்டினால், ராணி எஃப்3-இல் செக், டி5 குதிரைக்கும் அடி. அதைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, பலகையின் நடுவுக்கே வர வேண்டும்.

திருப்பி வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்கச் சொல்லுங்கள். ஒரு சிப்பாய் போகும், போகட்டும். காய்கள் வேகமாக வெளியே வரும். இன்னும் எளிய வழி, மூன்றாவது நகர்த்தலிலேயே பிஷப் சி5. அப்புறம் ஜி5-க்கு வரும் குதிரையை ராணியே வெட்டிவிடும். தக்கலையில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.